ஐஸ் கம்பெனி அத்தான்

தூக்குவாளி வடிவத்தில் ஒரு ஐஸ் கட்டி. அதன் நடுவில் ஒரு பன்னீர் ரோஜா. எழுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் அதை ஈரச் சாக்கில் பொதிந்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நானும் அக்காவும் ஆராதனை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தோம், சேலைகூட மாற்றவில்லை. அடுக்களை வாசலில் கிடந்த தாம்பாளத்தில் அதை இறக்கி வைத்துவிட்டு, "ஒனக்குத்தான்" என்றார் அக்காவிடம். அக்காவுக்கு ஐஸ் கண்ணில் படவில்லை, ரோஜாதான் பட்டது. தூத்துக்குடியில் அன்றைக்குக் குடிதண்ணீர் என்பது குடம் வைத்துக் காத்துக் கிடந்து வாங்க வேண்டிய சமாச்சாரம். அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி ஊற்றி அவள் உயிர் பிழைக்க வைத்த ஒரே செடி, அதில் முதல் பூ. "செடியில கெடந்தா ரெண்டு நாளாவது இருந்திருக்குமே! ஒங்களுக்குப் பூவக்கூடச் சும்மா விட முடியாதா?" என்று பிடித்துக்கொண்டாள். "செடியில ரெண்டு நாளு. ஐஸுக்குள்ள இருந்தா எத்தன மாசம் வேணும்னாலும் இப்படியே இருக்கும்ளா" என்றார் அத்தான், முகமெல்லாம் சிரிப்பாக. "அது சரி, ஐஸு எத்தன மாசம் இருக்கும்?" என்று அக்கா கேட்டாள். வாயால் வைதாளே தவிர, அக்கா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கட்டி கரைந்து பூ வெளியே வரும்வரை பக்கத்திலேயே மணை போட்டு உட்கார்ந்திருந்தாள். வந்த பூ கையில் எடுத்ததும் துவண்டு போயிற்று. அதையும் கொண்டையில் செருகிக்கொண்டுதான் சோறு வடிக்கப் போனாள்.

என் அக்காவின் வீட்டுக்காரரைத்தான் அத்தான் என்கிறேன். எங்கள் வீடு சாத்தான்குளத்தில். எனக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்ததும், அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்வந்தேன். அதனால் இந்தக் கதை முழுக்க என் கண் முன்னால் நடந்தது. இப்போது எதற்கு இதெல்லாம் ஞாபகம் வருகிறது என்றால், அக்காவின் பேத்தி கல்லூரியில் நிர்வாகப் படிப்பு படிக்கிறாள். தொழில் தொடங்குகிறவர்களின் மனசு எப்படி வேலை செய்கிறது என்று அங்கே ஒரு பாடமே இருக்கிறதாம். "தாத்தா ரொம்ப தைரியசாலியோ, சின்னப் பாட்டி?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தைரியமா! தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு சுற்றி வீட்டுக்கு வருகிற மனுஷன் அவர். ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னால் காய்ச்சல் அங்கேயே விட்டுவிடும். பல்லி விழுந்த சட்டையை அக்கா உதறித் தந்தால்தான் போடுவார். அப்பேர்ப்பட்டவர்தான், நிரந்தர வேலையை விட்டுவிட்டு, யாரும் கேட்காத ஒன்றை உற்பத்தி செய்யக் கிளம்பினார்.

அவர் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சயின்ஸ் வாத்தியார். நாசரேத்துக்காரர். அவர் வீட்டில் அப்பா வாத்தியார், அண்ணன் வாத்தியார், மதினி வாத்தியார். பிறந்த பிள்ளைக்குச் சாக்பீஸைக் காட்டித்தான் பால் ஊட்டுவார்கள் என்று நான் கேலி செய்வேன். நல்ல வாத்தியார்தான், பிள்ளைகளுக்கு அவர்மேல் உயிர். ஆனால் வருஷா வருஷம் அதே பாடம், அதே மணி. மணி அடிக்கும்போது அவர் முகம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சமயம் ஊரில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. கல் லாரிகள் ராப்பகலாக ஓடின. இயந்திரப் படகுகள் ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கின. எல்லோரும் படகைப் பார்த்தார்கள். அத்தான் படகு கொண்டுவந்து கொட்டிய மீனைப் பார்த்தார். "இவ்வளவு மீனையும் இந்த வெயில் என்ன செய்யும்?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். அந்தக் கேள்வி போய், ஐஸ் கம்பெனியில் வந்து நின்றது. அக்கா அழுதாள், ரெண்டு நாள் பேசாமல் இருந்தாள், கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். ராஜினாமா கூடாது, சம்பளமில்லாத லீவு மட்டும். வருகிற ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கம்பெனி தன் காலில் நிற்காவிட்டால், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். "சரி, சாக்பீஸ எடுத்துருதேன்" என்று அவர் வாக்குக் கொடுத்தார். அவர் சொன்ன சொல் மாறாதவர்.

கடற்கரைப் பக்கம் ஒரு மனையைப் பிடித்துவிட்டு, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். காட்டுவதற்கு அங்கே என்ன இருந்தது? உடைமுள்ளும் வெள்ளை மணலும் நாலு ஆடும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னே நடந்தார். "இங்கன இன்ஜின் ரூம். இது தொட்டி. அங்கன வெளியே லாரி நிக்கும்." கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் திரும்பி அக்காவிடம், "பாத்துளா, படி இருக்கு" என்றார். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, காலை உயர்த்தி, இல்லாத அந்தப் படியைத் தாண்டி உள்ளே போனாள். போன பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. "சீ, என்னையும் கிறுக்கியாக்கிட்டாவ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் பின்னால் வந்த நானும் அந்த இடத்தில் காலைத் தூக்கித்தான் வைத்தேன். பேத்தி கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியவர்கள். அத்தானுக்கு ஆழம் கண்ணுக்கே தெரியாது. கட்டடம்தான் தெரியும், அதுவும் வெள்ளையடித்து முடித்த கட்டடம். நமக்கு அது இல்லாத சாமான். அவருக்கு அது வரப் பிந்திய சாமான், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் அந்தக் கோளாறு தொற்றிக்கொள்ளும்.

கொச்சியிலிருந்து ஒரு பழைய இயந்திரம் லாரியில் வந்தது. அம்மோனியா நெடியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் துக்க வீட்டுக்குப் போய் வந்தவர்கள்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். தண்ணீரை உறைய வைக்கிற தொட்டிக்கு வேண்டிய உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. நல்ல தண்ணீருக்குத்தான் மாட்டுவண்டி பின்னால் ஓட வேண்டியிருந்தது. கரண்ட் இஷ்டத்துக்குப் போகும், இஷ்டத்துக்கு வரும். அத்தனையையும் சமாளித்து, ஆள் உயரத்தில் பாதிக்கு வெள்ளைப் பாளமாக ஐஸ் இறங்கியபோது, அத்தான் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அக்காவின் தூக்குவாளியைத் தேடினார். ரோஜா வைத்த ஐஸ் அன்றைக்கு வந்ததுதான். அதோடு சந்தோஷம் முடிந்தது. ஐஸை வாங்க ஆள் இல்லை. சர்பத் கடைக்காரர்கள் கொஞ்சம் வாங்கினார்கள். மற்றபடி எங்கேயாவது சாவு விழுந்து, கொழும்பிலிருந்தோ பம்பாயிலிருந்தோ பிள்ளை வர வேண்டியிருந்தால், அந்த வீட்டிலிருந்து ஆள் வரும். மீன் பிடிக்கிறவர்கள் மட்டும் வரவில்லை. மிச்சமான பாளங்கள் உமிக்குள் கிடந்து, சிறுத்து, தண்ணீராகி வாசல் வழியே ஓடிப்போகும். உழைத்துச் செய்த சாமான் கண் முன்னாலேயே ஓடைக்குப் போவதை நாலு நாள் நின்று பாருங்கள், தெரியும்.

அத்தானுக்கு இதிலெல்லாம் தூக்கம் கெடவில்லை என்பதுதான் ஆச்சரியம். நானும் அக்காவும் புரண்டுகொண்டிருப்போம். அவர் குறட்டை விடுவார். விஷயம் தெரியாததால்தான் ஜனங்கள் வாங்கவில்லை, தெரிந்தால் வாங்கிவிடுவார்கள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். வாத்தியார் புத்தி, வேறென்ன! கடற்கரைக்குப் போய், வெயிலில் ஒரு மீன், ஐஸில் ஒரு மீன் வைத்து, கிருமி எப்படிப் பெருகும் என்று மணலில் குச்சியால் எழுதிப் பாடம் நடத்தினார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சார் சொல்லுதது சரிதான்" என்பார்கள். அப்புறம் மீனை வெறும் கூடையில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். சங்கு எடுக்கிற ஊரில் செவிடன் காதில் சங்கு ஊதினார். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "பனியே பெய்யாத ஊர்ல பனிமய மாதாவுக்குத் தேர் இழுக்கிய. ஐஸு மட்டும் ஏன் ஆகாதுங்கிய?" என்று கேட்டாராம். கூட்டம் சிரித்ததே ஒழிய ஒருவரும் ஐஸ் வாங்கவில்லை. என் ஆபீசில் கூட 'ஐஸ் வாத்தியார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். முடி வெட்டுகிறவரிலிருந்து தபால்காரர் வரை எல்லோரிடமும் அவர் யோசனை கேட்பார். கேட்பாரே தவிர காதில் வாங்க மாட்டார். அடுத்தவரிடம் சொல்லும்போது தன் திட்டம் எப்படி ஒலிக்கிறது என்று தானே கேட்டு ரசித்துக்கொண்டிருப்பார். அதில் எனக்கு உள்ளூரக் கோபம் இருந்தது. மே மாதம் பிறந்துவிட்டது, இந்த மனுஷன் இன்னும் ரசித்துக்கொண்டிருக்கிறாரே என்று.

எங்கள் வீட்டுக்கு வழக்கமாக மீன் கொண்டு வருகிற அம்மா ஒருத்தி உண்டு. நாங்கள் மீன்காரக்கா என்போம். வாயும் பெரிசு, மனசும் பெரிசு. அன்று காலையில் கூடையை இறக்கி, ஓலையை நீக்கி, விளமீனை எடுத்துப் போட்டாள். கண் பளிங்காக இருந்தது. செவுள் ரத்தச் சிவப்பு. அக்கா எப்போதும்போல விரலால் அமுக்கிப் பார்த்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "என்ன இது, குளுந்து கெடக்கு? பழைய மீனக் கொண்டாந்து எங்கிட்டயே தள்ளப் பாக்கியா? வேண்டாம், எடுத்துட்டுப் போ" என்றாள். மீன்காரக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு சத்தம் போட்டாள். "மாதாவே! ஏ சாரு வீட்டம்மா, இது ஒங்க வீட்டு ஐஸு! சாரு நாயா அலையுதாவளேன்னு பாவப்பட்டு, நேத்துதான் மொத மொதலா வாங்கி வச்சேன். விடிஞ்சதுலேருந்து ஒருத்தியும் வாங்கல. நீங்களாவது வாங்குவியன்னு வந்தா, நீங்களே வேண்டாங்கிய!" அத்தான் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உள்ளேயிருந்து வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. உள்ளே போய் மிச்சச் சவரத்தை முடித்தார்.

அன்று அவர் கம்பெனிக்குப் போகவில்லை. நான் ஆபீஸ் விட்டு வரும்போது அறையில் பழைய சயின்ஸ் புத்தகங்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஐயோ, முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது எனக்கு. மணி அடிக்க முகம் சுருங்குகிற அந்த மனிதரை நான் மறுபடி பார்க்க விரும்பவில்லை. அக்கா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். "கோவமா?" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, "ஒண்ணு கேக்கேன், சொல்லு. மீனத் தொட்டதும் ஒன் கைக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டார். அவர் யாரிடமாவது கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா யோசித்துச் சொன்னாள்: "குளுந்திருந்தா பழசுன்னு கையே சொல்லிருது. எங்கம்மா அப்படித்தான் சொல்லிக்குடுத்தா. ஐஸு வச்சதுன்னு தெரிஞ்சாலும் மனசு ஒப்பல. எழவு வீட்டுல வைக்கிற சாமானுல்லா? அத மீனுல வச்சா வாய்க்கு எப்படிப் போவும்?" அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவே மேலே சொன்னாள்: "நாங்க கடக்கரைத் தண்ணி குடிச்சவளுவ. எங்க கைய நீங்க பாடம் நடத்தி மாத்த முடியாது. கடலையே பாக்காத ஊருல போய்க் குடுங்க. அங்க உள்ளவளுக்கு நல்ல மீனு எப்படி இருக்கும்னு என்ன தெரியும்? நாறாம வந்தாலே கும்புட்டு வாங்குவா."

அத்தான் காபியைக் குடிக்கவில்லை. எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, நேராக மீன்காரக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்து, "நான் என்னளா சொல்லிட்டேன்?" என்றாள். அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. மீன்காரக்காவின் வீட்டுக்காரர் படகில் வந்த மீனைப் பலகைப் பெட்டியில் அடுக்கி, ஐஸை உடைத்து நடுவே நடுவே பரப்பி, மதுரைக்குப் போகிற லாரியில் ஏற்றினார்கள். கூடவே அத்தானும் ஏறிக்கொண்டார். திரும்பி வந்தபோது பெட்டிகள் காலி. ஆனால் அது ஒரு முறைதான். அடுத்த தடவை லாரி வழியில் நின்றுவிட்டது, மீன் வீணாயிற்று. அதற்கடுத்த தடவை பரவாயில்லை. தன் காலில் நிற்பது என்று அக்கா சொன்னாளே, அந்தக் கணக்குக்கு இது தவழ்வதுகூட இல்லை. அதற்குள் ஜூன் வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில், அக்கா அவருடைய வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிலில் வைத்திருந்தாள். முந்தின நாளே தேய்த்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும்; தேய்க்கும்போது அவள் முகத்தை நான் பார்க்காமல் இருந்தேன். அத்தான் குளித்துவிட்டு வந்து சட்டையைப் பார்த்தார். வாக்கு கொடுத்தவர் அல்லவா, எடுத்து ஒரு கையை நுழைத்தார். அடுத்த தெருவிலிருந்து லாரிச் சத்தம் கேட்டது. மீன் லாரி. அவர் நுழைத்த கை அப்படியே நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு, லாரி எங்கே திரும்புகிறது என்று கவனித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மறு கையையும் நுழைத்தார். அக்கா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று வந்தாள், பொத்தான் போடப் போன கையைத் தட்டிவிட்டாள், சட்டையைக் கழற்றினாள். "இதப் போட்டுட்டா மீன் லாரியில ஏறுவிய? கறை போவுமா? இருங்க, பழசு எடுத்துத் தாரேன்" என்றாள். அத்தான் பனியனோடு, சின்னப் பிள்ளைபோல நின்றார். கண் கலங்கியிருந்தது. "படி இருக்கு, பாத்துப் போங்க" என்றாள் அக்கா பழைய சட்டையை நீட்டிக்கொண்டே. எனக்கு அன்றைக்கு ஆபீசில் ஒரு தாளும் சரியாக அடிக்க வரவில்லை.

கம்பெனி தன் காலில் நின்றது. இறால் ஏற்றுமதி சூடு பிடித்த பிறகு கேட்கவே வேண்டாம். ஐஸுக்கு வரிசையில் நின்றார்கள். கூட்டம் கூடக் கூட அத்தான் வாடிப்போனார். நஷ்டத்தில் குறட்டை விட்டவர், லாபம் வந்த பிறகு முற்றத்தில் உலாவினார். எழுந்து ஓடுகிற பிள்ளையை அவருக்கு வளர்க்கத் தெரியவில்லை. கொஞ்ச காலத்தில் சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டு, வேம்பாரில் கடற்பாசி, பெரியதாழையில் வேறென்னவோ என்று கிளம்பிவிட்டார். ஒன்றும் உருப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், வெறும் மணலில் படியும் வாசலும் காட்டினார். நாங்களும் காலைத் தூக்கித் தூக்கி வைத்தோம். கம்பெனியை நடத்தியது என் அக்கா. அழுதுகொண்டு நிபந்தனை போட்டவள், டிரைவர்களை அதட்டுகிற அண்ணாச்சிகளுக்கு அண்ணாச்சி ஆனாள். தொடங்குகிற மனசு ஒன்று, தொடர்கிற மனசு ஒன்று. இரண்டும் ஒரே வீட்டில் வாய்ப்பது கர்த்தர் கொடுத்த கொடை. பேத்தியின் பாடத்தில் இரண்டாவதைப் பற்றிப் போட்டிருக்கிறார்களா, தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைக்குத் தூத்துக்குடி மார்க்கெட்டில் பெண்கள் மீனை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஐஸு வைக்கலியா?" என்று கேட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். ஊர் முழுக்க மாறிவிட்டது. அக்கா மாறவில்லை. ஊருக்கெல்லாம் ஐஸ் போட்ட முதலாளியம்மா, தன் வீட்டுக்கு ஒரு நாளும் ஐஸ் மீன் வாங்கியதில்லை. மீன்காரக்காவும், அவளுக்குப் பிறகு அவள் மருமகளும், ஐஸே படாத கரைவலை மீனாகப் பார்த்துத் தனியாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். "குளுந்தது எனக்கு ஆகாது" என்பாள் அக்கா. அத்தான் உள்ளேயிருந்து, "கேட்டுக்கோங்க, ஐஸ் கம்பெனி முதலாளி சொல்லுதா!" என்று கத்துவார்.

போன வருஷம் அத்தான் இறந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் துபாயிலிருந்து வர வேண்டியிருந்தது. இப்போதுதான் குளிர்ப்பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறதே, அதைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்கள். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். "அவுக ஐஸ அவுகளுக்கு வைங்க" என்றாள். கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக வந்து இறங்கியது. சுற்றி அடுக்கி, மரத்தூள் தூவி, அத்தானை நடுவில் கிடத்தினார்கள். அக்கா அதுவரை அழவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எத்தனையோ வருஷம் மீனைத் தொட்டுப் பார்த்த அந்த விரல்களால் அவர் நெற்றியைத் தொட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "குளுந்தது எனக்கு ஆகாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா... தெரிஞ்சும் இப்படிக் கெடக்கியளே" என்று சொல்லி, அப்புறம்தான் அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது, மிஞ்சிய ஐஸ் பாளம் ஒன்று முற்றத்தில் கிடந்தது. கம்பெனி ஆள் ஒருவர் அதை ஓடையில் தள்ளக் கை வைத்தார். "கெடக்கட்டும், தானாக் கரையட்டும்" என்றாள் அக்கா. மணையை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள், அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்ததைப்போல. நானும் உட்கார்ந்தேன். அதற்குள் பூ எதுவும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கடைசித் துண்டு கரையும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை.